லொசாம்பா எந்தக் கரையில் இருக்கிறது?

போயெண்டே
14 மே 2017

அன்புள்ள அக்கா பொலூக்காவுக்கு,

உன் தம்பி இலோங்கா எழுதுவது. இதைப் படகுக்காரர் போசெங்கே கையில் கொடுக்கிறேன். வழியில் பிரித்துப் படிப்பார் என்று தெரியும். படித்துக்கொள்ளட்டும். போசெங்கே அண்ணா, திரும்ப ஒட்டிக் கொடுத்தால் போதும்.

நான் கிளம்பிய அன்று நீ படகுத்துறைக்கு வரவில்லை. பள்ளிப் பிள்ளைகளை நடு வகுப்பில் விட்டுவிட்டு அலுவலக மேசை தேடி ஓடுகிறவன் என்று ஊர் முழுக்கச் சொன்னாயாம். அதற்கு நான் இப்போது பதில் சொல்லப் போவதில்லை. நல்ல சேதியோடு வந்திருக்கிறேன், அதை மட்டும் கேள்.

எக்வேட்டர் மாகாணத்தை ஐந்தாக வெட்டி நம் ட்சுவாபா தனி மாகாணமானபோது, பெயர்ப் பலகை மாறும், வேறெதுவும் மாறாது என்று நீ சொன்னாய். அப்பா ஒரு கையெழுத்து வாங்க ம்பண்டாக்கா போய், படகு கிடைக்காமல் மழைக்காலம் முழுக்க அங்கேயே மாட்டிக்கொண்டாரே, அந்தக் காலம் முடிந்தது அக்கா. தலைநகர் இப்போது இந்த போயெண்டேதான். மாகாண அலுவலகத்தில் நான் வரைபடப் பிரிவில் இருக்கிறேன். எங்கே ஊர், எங்கே ஆறு, எது எந்த வட்டம் என்று கோடு போடுகிற வேலை. அந்தக் கோட்டைப் பார்த்துத்தான் மேலே இருப்பவர்கள் பணம் ஒதுக்குகிறார்கள்.

லுயேலே ஆற்றோரத்துக்கு ஒரு பிரசவ விடுதி கிடைத்திருக்கிறது. அது நம் லொசாம்பாவுக்கு! சிமெண்டும் தகரமும் அடுத்த மாதம் வரும். உன் வீட்டுப் பாயில், புகை விளக்கு வெளிச்சத்தில் நீ ஊராருக்குப் பிரசவம் பார்த்தது போதும். இனி கட்டில், ஜன்னல், கழுவத் தொட்டி எல்லாம் இருக்கும். நான் மேசை தேடி ஓடியது எதற்கு என்று இப்போதாவது தெரிகிறதா?

உன் தம்பி
இலோங்கா


லொசாம்பா
20 ஜூன் 2017

தம்பி இலோங்காவுக்கு,

எல்லோரும் நலம். நீயும் நலம், கொஞ்சம் தொப்பையும் போட்டிருக்கிறாய் என்று போசெங்கே சொன்னார்.

சிமெண்ட் வந்தது. பெரிய படகு. ஊரே மேட்டில் நின்று கை ஆட்டியது. ஊர்த் தலைவர் எலெங்கே நல்ல சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றார். படகு எங்களைப் பார்த்துக் கை ஆட்டிவிட்டு நேராக அக்கரைக்குப் போனது. நம் மீன் முகாமில் எல்லாவற்றையும் இறக்கினார்கள்.

நாங்கள் தோணியில் அடித்துப் பிடித்துக்கொண்டு போனோம்.

"என்னய்யா, ஊர் அங்க இருக்கு, இங்க இறக்கறீங்க?"

படகோட்டி ஒரு காகிதத்தையும் இடம் காட்டும் கையடக்கமான ஒரு மெஷினையும் காட்டினான். "லொசாம்பா இதுதான். மெஷின் சொல்லுதும்மா."

"மெஷின் இங்க எத்தனை வருஷமா இருக்குதாம்?"

அவனுக்குச் சிரிப்பு.

நடந்தது இதுதான். போன வருஷம் அளக்க வந்தவர் மீன் காலத்தில் வந்தார். தண்ணீர் வடிந்து, ஊர் மொத்தமும், கோழி உட்பட, அக்கரை மணலில் முகாம் போட்டிருந்த நேரம். "இது என்ன ஊர்?" என்று கேட்டார். லொசாம்பா என்றோம். நானும்தான் சொன்னேன், சுட்ட மீனும் கொடுத்தேன். வேறென்ன சொல்வது? எங்கே போய்த் தங்கினாலும் முகாமுக்கு ஊர்ப் பெயர்தானே. நீ பிறந்ததிலிருந்து அப்படித்தானே சொல்லி வந்திருக்கிறாய்?

வெள்ளம் வந்தால் அந்த மணல் என்ன ஆகும் என்று உனக்குத் தெரியும். பாதி வருஷம் பெண்களுக்கு, பாதி வருஷம் கெளுத்தி மீனுக்கு என்று ஒரு பிரசவ விடுதி கட்டப் போகிறார்களா?

போன வெள்ளத்தில் பிரசவ வலி எடுத்த ம்பாயோவைத் தூரத்து ஆஸ்பத்திரிக்குத் தோணியில் கூட்டிப் போனேன். நடு ஆற்றில், மழையில், என் மடியில் பிள்ளை வந்தது. துணியெல்லாம் நனைந்து கிடந்தது. உலர்ந்த துணி ஒரு முழம் இருந்திருந்தால் பிழைத்திருக்கும் என்று இன்றைக்கும் நினைக்கிறேன். அந்தக் குழந்தை நிலைக்கவில்லை. இன்னொரு தடவை என்னால் அது முடியாது இலோங்கா. விடுதி மேட்டில் வர வேண்டும். கோடு போடுகிறவன் நீ, சரியாகப் போடு.

பொலூக்கா


போயெண்டே
8 ஜூலை 2017

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் வந்த அன்றே வரைபடத்தை விரித்துப் பார்த்தேன். நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே அந்தப் புள்ளி அக்கரையில் உட்கார்ந்திருக்கிறது. இவ்வளவு நாள் அதைக் கடந்து எத்தனை கோடு போட்டிருப்பேன்! ஊர்ப் பெயர் எழுதியிருந்ததால் சந்தேகமே வரவில்லை.

சிக்கல் என்னவென்றால், லுயேலே ஆறுதான் இரண்டு வட்டங்களுக்கு எல்லை. அக்கரை வேறு வட்டம், வேறு அதிகாரி. தன் வட்டத்துக்கு விடுதி வந்துவிட்டது என்று அவர் ஏற்கெனவே மேலே எழுதி அனுப்பிவிட்டார். சிமெண்டுக்குக் காவலாக ஒரு போலீஸ்காரரையும் போட்டிருக்கிறார்.

எங்கள் இயக்குநரிடம் போய் நின்றேன்.

"ஐயா, புள்ளி தப்பா இருக்கு. ஊர் இந்தப் பக்கம்."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தம்பி, ஊரை நகர்த்தறது சுலபம். புள்ளியை நகர்த்தறதுதான் கஷ்டம்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. புள்ளியை நகர்த்த இரண்டு வட்ட அதிகாரிகளும் ஒப்புக்கொள்ள வேண்டும், பிறகு எங்கள் இயக்குநர், பிறகு ஆளுநர். அக்கரைக்காரர் எதற்காக ஒப்புக்கொள்வார்? அதற்குள் விடுதிக்கான காலக்கெடு முடிந்து, சிமெண்ட் வேறு மாகாணத்துக்குப் போய்விடும்.

அதனால் ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. முகாமுக்குப் பின்னால் கொஞ்சம் உள்ளே போனால் தரை உயருகிறதே, அங்கே விடுதியைக் கட்டி, பத்துப் பதினைந்து குடும்பங்கள் நிரந்தரமாக அங்கே குடியேறினால் என்ன? எலெங்கேயிடம் கேட்டுப் பார். வராமல் போவதைவிட அக்கரையிலாவது வரட்டுமே.

இலோங்கா


லொசாம்பா
3 செப்டம்பர் 2017

இலோங்கா,

உன் கடிதத்தை முகாமில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அதுதான் உனக்குத் தண்டனை. எலெங்கே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"எங்க தாத்தா காலத்துல வெள்ளைக்காரன் ரப்பர் கேட்டு வந்தான், காட்டுக்குள்ள ஓடினோம். அப்புறம் அவனே தலைக் கணக்கெடுக்கணும்னு காட்டுக்குள்ளேர்ந்து பிடிச்சு இழுத்தாந்து அந்த மேட்டுல வெச்சான். இப்ப நம்ம பையனே, பேனாவை வெச்சுக்கிட்டு, மறுபடியும் நகருங்கறான். ஒரு ஊரு எத்தனை தடவைதான்டா எந்திரிக்கும்?"

யாரும் சிரிக்கவில்லை. ம்பாயோ எழுந்து வெளியே போனாள்.

நீ சொன்ன உயரமான தரையில் முட்டளவு சேறு நிற்கும். மேசையில் உட்கார்ந்தால் அது மறந்துவிடுமோ?

இப்போது நடந்ததைக் கேள். தண்ணீர் ஏற ஆரம்பித்ததும் எலெங்கே வழக்கம்போல மரமுரசு அடித்து முகாமைக் கலைக்கச் சொன்னார். உனக்கே தெரியும், முகாம் கலைந்தால் அங்கே ஒரு கயிற்றைக்கூட விடக் கூடாது. விட்டதை ஆறு எடுத்துக்கொள்ளும், அடுத்த வருஷம் மீனையும் எடுத்துக்கொள்ளும். முதலில் மீன் உலர்த்தும் பரண்கள், பிறகு கூரைகள், பானைகள், கடைசித் தோணியில் நெருப்பு. எலெங்கே சுற்றிப் பார்த்தார். மிச்சம் இருந்தது சிமெண்ட் மூட்டைகளும் தகரமும் போலீஸ்காரர் லொகும்பேயும்தான்.

எலெங்கே கேட்டார்: "இது யாரு பேருல வந்துச்சு?"

"லொசாம்பா பேருல," என்றாள் ம்பாயோ.

"அப்ப லொசாம்பா கெளம்புது. தூக்குங்க."

லொகும்பே துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நடுவில் நின்றார். பாவம், வெளியூர் பையன், மீன் காலம் முழுக்க எங்கள் சோற்றைத்தான் தின்றார்.

"அக்கா, எனக்கு ஆர்டர் இருக்கு. சிமெண்டைக் காவல் காக்கணும்."

"காத்துக்கோ தம்பி, யாரு வேணாம்னா? இன்னும் கொஞ்ச நாள்ல இங்க கழுத்து வரைக்கும் தண்ணி. நின்னு காக்கறியா, நீந்திக் காக்கறியா?" என்றேன்.

அவர் தண்ணீரைப் பார்த்தார். மூட்டைகளைப் பார்த்தார். "எங்கேர்ந்து காக்கணும்னு ஆர்டர்ல இல்ல," என்று சொல்லி, முதல் தோணியில் சிமெண்ட் மூட்டை மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். ஆறு தாண்டும்வரை துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை.

இப்போது எல்லாம் மேட்டில், ஜெபக்கூடத்தில், பரண் போட்டு அடுக்கியிருக்கிறது. கட்ட வேண்டியதுதான் பாக்கி.

பொலூக்கா


போயெண்டே
25 செப்டம்பர் 2017

அக்கா,

என்ன செய்துவிட்டீர்கள்!

அக்கரை அதிகாரி ஆளுநருக்கே எழுதிவிட்டார். 'அரசுப் பொருள் கடத்தல்' என்கிறார். வரைபடப் பிரிவில் இருக்கும் லொசாம்பாக்காரன் தூண்டிவிட்டான் என்றும் எழுதியிருக்கிறார். என்னை மேசையிலிருந்து எழுப்பி வராந்தாவில் உட்கார வைத்துவிட்டார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் என்னைப் பார்க்கிறார்கள். தேநீர் கொண்டுவருகிறவர் மட்டும் வழக்கம்போலச் சர்க்கரை போடுகிறார்.

கட்டட வேலையைத் தொடங்கவே கூடாது என்று உத்தரவு வந்திருக்கிறது. மீறினால் எலெங்கேயைக் கைது செய்வார்கள். சிமெண்டைத் திரும்ப அக்கரைக்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள் அக்கா. தயவுசெய்து.

இலோங்கா


லொசாம்பா
12 அக்டோபர் 2017

இலோங்கா,

சிமெண்டை வைக்க அக்கரையில் இடம் இல்லை. அக்கரையே இல்லை. வேண்டுமானால் வந்து பார்.

கட்டவில்லை, உத்தரவை மதித்தோம். பெண்கள் தினமும் மூட்டைகளைப் புரட்டிப் போடுகிறோம். அப்படியும் ஈரத்தில் சில கல்லாகிவிட்டன. இன்னும் கொஞ்ச நாள் போனால் எல்லாமே கல்லாகிவிடும்.

ஊரில் வயிற்றுப் பிள்ளைக்காரிகள் இருக்கிறார்கள். யார் யார் என்று சொல்ல மாட்டேன், போசெங்கே படிப்பார். நீ அந்த வராந்தாவில் எனக்காக உட்கார்ந்திருக்கிறாய் என்று நினைக்காதே. அவர்களுக்காக உட்கார்ந்திருக்கிறாய். அப்படி நினைத்தால் முதுகு வலிக்காது.

சாப்பிடு. வறுத்த கம்பளிப்புழு ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன்.

பொலூக்கா


போயெண்டே
2 நவம்பர் 2017

அக்கா,

புழு கிடைத்தது. பொட்டலம் பாதியாகத்தான் வந்தது. மீதி போசெங்கே வயிற்றில் இருக்கும்.

உன் கடிதத்தை வராந்தாவிலேயே படித்தேன். படித்து முடித்ததும் எழுந்து நேராக இயக்குநர் அறைக்குப் போனேன். யாரும் கூப்பிடவில்லை, நானே போனேன்.

"ஐயா, கடத்தலா இல்லையான்னு இங்க உட்கார்ந்து எப்படித் தெரியும்? அக்கரை அதிகாரியே லொசாம்பாவுக்கு நேர்ல போய்ப் பார்க்கட்டும். புள்ளி இருக்கிற இடத்துல ஊர் இருந்தா என்னை வேலையை விட்டு அனுப்பிடுங்க. நான் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

"விளையாடாத தம்பி. போன வேலை திரும்பக் கிடைக்காது."

"தெரியும் ஐயா."

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். அக்கரை அதிகாரி உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் அவர் படகுக்கு டீசல் வரவில்லை, பிறகு மோட்டார் பழுது, பிறகு ஏதோ கூட்டம். தாமதமாகத் தாமதமாகத் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. அரசாங்கத் தாமதத்துக்காக நான் சாமி கும்பிட்டது இதுதான் முதல் தடவை.

இந்த மாதக் கடைசியில் வருகிறார். என்னை உடன் அனுப்ப மறுத்துவிட்டார்கள். நீ இருக்கிறாய். கொஞ்சம் பார்த்துப் பேசு அக்கா, திட்டிவிடாதே.

இலோங்கா


லொசாம்பா
28 நவம்பர் 2017

அன்புள்ள தம்பி,

வந்தார். போனார். முழுசாக எழுதுகிறேன், நீ இருந்து பார்த்த மாதிரி இருக்க வேண்டும்.

காலையில் மோட்டார் சத்தம் கேட்டது. மேட்டில் எல்லோரும் கூடினோம். நல்ல உயரமான மனிதர், தொப்பி, கையில் அந்த மெஷின். படகு எங்களைக் கடந்து, வெள்ளத்துக்கு நடுவே போய் நின்றது. அவர் மெஷினைப் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், வலது பக்கம் பார்த்தார். சுற்றிலும் தண்ணீர். ஒரு மரத்தின் உச்சிக் கிளை மட்டும் நீட்டிக்கொண்டு இருந்தது, அதில் ஒரு கொக்கு.

எலெங்கே வாயருகே கையைக் குவித்துக் கத்தினார்: "ஐயா, எங்க போகணும்?"

"லொசாம்பாவுக்கு!"

"வந்துட்டீங்க! இன்னும் கொஞ்சம் முங்கணும்!"

நீ திட்டாதே என்று எழுதியிருந்தாய். எலெங்கேக்கு எழுதவில்லையே. ஊரே சிரித்தது. அதிகாரி முகம் கறுத்துவிட்டது. எனக்குப் பயமாகிவிட்டது, காரியம் கெட்டது என்றே நினைத்தேன். படகு மெதுவாகத் திரும்பி எங்கள் துறைக்கு வந்தது. இறங்கியவர் யாருக்கும் வணக்கம் சொல்லவில்லை.

"அளக்க வந்தவர்கிட்ட அதுதான் லொசாம்பான்னு சொன்னது யார்?"

எல்லோரும் பின்னால் நகர்ந்தார்கள், உன் ஊரின் வீரம் அவ்வளவுதான். நான் முன்னால் போனேன்.

"நான்தாங்க சொன்னேன்."

"பொய்தானே?"

"இல்லைங்க. அன்னைக்கு நாங்க அங்க இருந்தோம், அது லொசாம்பா. இப்ப இங்க இருக்கோம், இது லொசாம்பா. தண்ணி வடிஞ்சதும் வாங்க, அங்கயே மீன் சுட்டுத் தரேன். ஆனா பிள்ளை பெறுறவ மீன் காலம் பார்த்துப் பெற மாட்டாளே."

அவர் நேராக ஜெபக்கூடத்துக்குப் போய் மூட்டைகளை எண்ணினார். லொகும்பே விறைப்பாக வணக்கம் வைத்து, "காவல்ல ஒரு குறையும் இல்லைங்கய்யா" என்றார். கல்லான மூட்டை ஒன்றை அதிகாரி காலால் தட்டிப் பார்த்தார். பிறகு அங்கேயே, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அம்மா, நான் இதை விட்டுக் குடுத்தா என் வட்டத்துல என்னைய என்ன சொல்வாங்க? வந்த விடுதியைத் தண்ணியில விட்டுட்டான்னுதானே? அக்கரைக் காட்டுக்குள்ள ரெண்டு ஊர் இருக்கு. அந்தப் பொண்ணுங்க எங்க போவாங்க?"

அவர் அதைக் கேட்டபோதுதான் தம்பி, எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை வந்தது.

"இங்கதாங்க வருவாங்க. இப்பவும் என்கிட்டத்தான் வர்றாங்க. வயித்துல இருக்கிற பிள்ளை வட்டம் பார்த்தா வருது?"

"எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதியும் தருவேன், தோணியும் வெச்சுத் தருவேன். துறையில ஒரு தோணி அவங்களுக்குன்னே கட்டிக் கிடக்கும்."

எலெங்கேயும் ஒத்துக்கொண்டார். அதிகாரி அந்த மூட்டை மேலேயே காகிதத்தை விரித்து, புள்ளியை மேட்டுக்கு மாற்றச் சம்மதம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். போகும்போது எலெங்கேயைப் பார்த்து, "முங்கணுமா? உங்களை மறக்க மாட்டேன்யா" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

கையெழுத்துப் போட்ட காகிதத்தை அவரே உங்கள் அலுவலகத்துக்குக் கொண்டு வருகிறார். தடையை நீக்கச் சொல்வதாகவும் சொன்னார், அதனால் நாளைக்கு அஸ்திவாரம் தோண்டுகிறோம். உன் வேலை என்ன ஆயிற்று என்று உடனே எழுது. எனக்குத் தூக்கம் இல்லை.

அக்கா பொலூக்கா


போயெண்டே
20 டிசம்பர் 2017

அன்புள்ள அக்கா,

தூங்கு. மேசைக்குத் திரும்பிவிட்டேன்.

நம் வட்ட அதிகாரியும் ஆளுநரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள், கடத்தல் புகாரும் போயிற்று. நான் எழுதிக் கொடுத்த காகிதத்தை இயக்குநர் என் எதிரிலேயே கிழித்தார். "புள்ளியை எடுத்து மேட்டுல வை" என்றார். வைத்தேன். ஆனால் அக்கரையில் இருந்த புள்ளியை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அதை உள்ளே மை இல்லாத சின்ன வட்டமாக்கி, 'லொசாம்பா, மீன் காலத்தில்' என்று எழுதினேன்.

"ஒரு ஊர் எப்படித் தம்பி ரெண்டு இடத்துல இருக்கும்?"

"எங்க ஊர் இருக்கும் ஐயா. ஆத்தோரத்துல எல்லா ஊரும் இருக்கும். நாமதான் கேட்கலை."

அந்தச் சின்ன வட்டம் அப்படியே இருக்கட்டும் என்றார். இனி அளக்கப் போகிறவர்கள் எல்லோரும், வெள்ளத்தில் எங்கே இருப்பீர்கள் என்றும் கேட்க வேண்டும் என்று புது உத்தரவு தயாராகிறது. அதை எழுதுகிற வேலை எனக்கு. மாகாணம் தனியானதால் எதுவும் மாறாது என்று நீ சொன்னாயே அக்கா, இது மாறியது. எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. அதை உன்னிடம்தான் சொல்லத் தோன்றுகிறது.

இலோங்கா


லொசாம்பா
11 பிப்ரவரி 2018

அன்புள்ள தம்பி இலோங்காவுக்கு,

கூரை போட்டாயிற்று. கல்லான மூட்டைகளை வாசற்படியாகப் பதித்துவிட்டோம், நன்றாகவே இருக்கிறது. ஒரு ஜன்னல் கொஞ்சம் கோணல். எலெங்கே தானே நின்று வைத்த ஜன்னல், யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

பள்ளிக்கு வேறு வாத்தியார் வந்துவிட்டார். உன்னளவுக்குக் கத்துவதில்லை. பிள்ளைகள் உன்னை மறக்கவில்லை. ஒன்று சொல்கிறேன், ஒரே தடவைதான் சொல்வேன். நீ போனது சரிதான். துறைக்கு வந்து உன்னை அனுப்பிவைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

நேற்று விடிகாலையில் விடுதியில் முதல் பிள்ளை பிறந்தது. யாருக்கு என்று நினைக்கிறாய்? நம் லொகும்பேக்கு! காவல் இன்னும் முடியவில்லை, முடிந்ததாக ஆர்டர் வரவில்லை என்று சொல்லி, பெண்டாட்டி எயெங்காவை அக்கரையிலிருந்து இங்கேயே கூட்டி வந்துவிட்டார். மழை கொட்டியது, இந்தப் பருவத்துக்கு இல்லாத மழை. தகரத்தில் சத்தம் காதைப் பிளந்தது. எயெங்கா கட்டிலைப் பிடித்துக்கொண்டு கத்தியது எனக்கே கேட்கவில்லை. பெண் குழந்தை. நல்ல குரல், மழையைத் தாண்டிக் கேட்டது. துடைக்கத் துணி எடுத்துக் கொடுத்தவள் ம்பாயோ. கொடுத்துவிட்டு அங்கேயே நின்று அழுதாள். நானும் அழுதேன். எங்கள் இருவரையும் பார்த்துப் பயந்துபோய் லொகும்பேயும் அழுதார்.

பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்: "அக்கா, அம்மா அந்த வட்டம், பிறந்தது இந்த வட்டம். பதிவுல எதைப் போடறது?"

லொசாம்பா என்று போட்டுவிட்டேன். எந்தக் கரை என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்டால், குழந்தை நனையாமல் பிறந்தது என்று சொல்.

அக்கா
பொலூக்கா